முதல் பார்வையும் முதல் கேள்வியும்

(பொன்விழாவையொட்டி கிளேபாங்கில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

விழாக் குழுவிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "நம்மைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள், அதை எப்படி மாற்றலாம், இதைப் பற்றி இருபது நிமிடம் பேசு தம்பி" என்றார்கள். நான் பேச்சாளன் இல்லை. பாலிடெக்னிக்கில் மின்சாரத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்தவன். வயர், சுவிட்ச், விளக்கு விற்கிறேன். இருந்தாலும் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. நாள் முழுக்க முகங்களைப் பார்க்கிறான். வருகிறவர்களும் அவன் முகத்தைப் பார்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பேசலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

சனி, ஞாயிறுகளில் நம் கிளேபாங் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கோலாலம்பூரிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் வருகிறவர்கள் தேங்காய் ஷேக் குடிக்க வரிசையில் நிற்பார்கள். பிறகு கடற்கரைப் பக்கம் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்காதவர்கள் என் கடை முன்னால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கேட்பார்கள்: "மாமாக், தே தாரிக் ஆடா?" என் தலைக்கு மேலே முப்பது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் மின்விசிறி தொங்கும். அதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது. முகம் மட்டும்தான் படும்.

"இது லைட் கடை" என்பேன். அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இதில் எனக்குக் கோபம் இல்லை. "மாமாக்" என்ற சொல்லே நம் வீட்டுச் சொல்தான். "மாமா" என்று நம்மவர்கள் ஒருவரையொருவர் அழைத்ததைக் கேட்டு இந்த நாடு எடுத்துக்கொண்ட சொல் அது. உறவைச் சொல்லும் வார்த்தை எப்படியோ ஒரு உணவுக்கடையின் பெயராகிவிட்டது. அந்த உணவுக்கடையும் குறைந்ததல்ல. மூன்று இனத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பந்து பார்க்கும் இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கின்றன? அதை நடத்துகிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் மரியாதை.

ஆனால் சிரிக்க முடியாத கணக்குகளும் உண்டு. நான் இரண்டாவது கடை எடுக்கலாம் என்று ஓர் இடம் பார்த்தேன். உரிமையாளரிடம் தொலைபேசியில் மலாயில் பேசினேன். "நாளைக்கே வாருங்கள்" என்றார். போனேன். என்னைப் பார்த்ததும், "அடடா, நேற்று இரவுதான் வேறொருவருக்குச் சொல்லிவிட்டேன்" என்றார். மூன்று மாதம் கழித்தும் அந்தக் கடை பூட்டித்தான் கிடந்தது. வீடு வாடகைக்கு எடுக்கப் போன நம் பிள்ளைகள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

இன்னொரு பக்கம், தமிழ்ப் பேசும் வாடிக்கையாளர்கள். பத்து நிமிடம் என்னோடு தமிழில் பேசிவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் கஅபா படத்தைப் பார்த்ததும், "அண்ணே, நீங்க முஸ்லிமா? நான் தமிழர்னு நினைச்சேன்" என்பார்கள். நானும் தமிழன்தான் தம்பி என்றால் ஏதோ நான் விளையாடுகிறேன் என்பதுபோல் பார்ப்பார்கள். மலாய் நண்பர்களிடம் போனால், "மாமாக் ஆச்சே, விலையில் கெட்டிக்காரர்" என்று தோளில் தட்டுவார்கள். அந்தத் தட்டலில் பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. பாம்பையும் நம்மையும் சேர்த்து வைத்து ஒரு பழமொழி இந்த நாட்டில் உலவுகிறது. அதை நான் இந்த மேடையில் சொல்ல விரும்பவில்லை. உங்களில் பலர் பள்ளிக்கூடத் திடலிலேயே அதைக் கேட்டிருப்பீர்கள்.

அரசாங்கப் பாரங்களும் அப்படித்தான். பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று "இனம்" என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. மலாய், சீனர், இந்தியர், மற்றவர். நான் "இந்தியர்" என்று குறித்துக் கொடுத்தேன். வாங்கியவர் என் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் பெயரைப் பார்த்தார். "இது சரிதானா?" என்று கேட்டார். நம் அரசமைப்புச் சட்டத்தின் 160ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்பதற்கு மார்க்கத்தையும், பேசும் மொழியையும், பழக்கவழக்கத்தையும் அடிப்படையாகச் சொல்கிறது. அதனால் நம் குடும்பங்களில் அண்ணன் பிறப்புச் சான்றிதழில் ஓர் இனம், தம்பி சான்றிதழில் வேறோர் இனம் என்று இருப்பதும் உண்டு. என் உறவிலேயே இருக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, மற்றவர்களுக்கு நம்மைத் தெரியவில்லை. நமக்கே நம்மைத் தெரியுமா? பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கிருந்து தெங்கேரா வழியாக நகரத்துக்குப் போனால், ஜாலான் துக்காங் எமாஸில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் கட்டியது. 1872இல் செங்கல்லால் எடுத்துக் கட்டினார்கள். அதன் மினாராவைப் பாருங்கள், சீனர்களின் பகோடா போல இருக்கும். கூரை நம் வட்டாரத்துப் பள்ளிவாசல்களுக்கே உரிய அடுக்குக் கூரை. உள்ளே தூண்கள் ஐரோப்பியப் பாணி. ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்தவை. வெளியே நின்று பார்த்து, இது யாருடைய கட்டடம் என்று ஒரு சுற்றுலாப் பயணியால் சொல்ல முடியாது. அதே வரிசையில் பொய்யாத விநாயகர் கோயில், கொஞ்ச தூரத்தில் செங் ஹூன் தெங் சீனக் கோயில். 2008இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்ததற்கு இந்த மாதிரித் தெருக்களும் ஒரு காரணம்.

அந்தப் பள்ளிவாசல் பெயரில் இருக்கும் "கிளிங்" என்ற சொல்லைப் பாருங்கள். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இந்தியக் கரையிலிருந்து வந்த வணிகரைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகத்தான் அது இங்கே இருந்தது. ஆங்கிலேயர் காலத்துக் குடிமதிப்பீட்டிலும் இருந்தது. நம் பக்கத்து ஊரான தஞ்சோங் கிளிங்கின் பெயரிலும் இருக்கிறது. அதே சொல்லை இன்று ஒருவன் தெருவில் நம்மைப் பார்த்துச் சொன்னால் சண்டை வருகிறது. எழுத்து மாறவில்லை, சொல்லுகிற வாய் மாறிவிட்டது. பள்ளிவாசல் வாசலில் பெருமையாகவும் தெருவில் வசையாகவும் ஒரே சொல் நிற்கிறது.

ஜாலான் முன்ஷி அப்துல்லாவில் தினமும் வண்டி ஓட்டுகிறோம். யார் அந்த முன்ஷி அப்துல்லா? நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளியில் படிக்கிறோம். 1796இல் நம் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமனிலிருந்து வந்த அரபியர், பெண் எடுத்தது நம் நாகூரில். அப்துல்லா சிறுவயதில் தமிழ் படித்தார். மலாக்காவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகவும் பேச்சுக்காகவும் தமிழ் படிப்பது அன்றைய வழக்கம் என்று அவரே தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். கணக்குக்குத் தமிழ்! இன்று நம் பிள்ளைகளிடம் தமிழில் நூறு வரை எண்ணச் சொல்லிப் பாருங்கள். அப்துல்லாவை இன்று யாராவது ஒரு பாரத்தில் எழுதச் சொன்னால் எந்தக் கட்டத்தில் குறிப்பார்?

அதற்கும் முன்னால் போனால், செஜாரா மெலாயு சொல்கிற வரலாறு. நம் கரையிலிருந்து மானி புரிந்தான் என்பவர் மலாக்காவுக்கு வந்தார். அவர் மகள் சுல்தான் முகம்மது ஷாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ராஜா காசிம்தான் பிறகு சுல்தான் முஸாஃபர் ஷா. அதே மானி புரிந்தானின் மகன் துன் அலி. துன் அலியின் மகன் பெண்டஹாரா துன் முத்தாஹிர். சுல்தானுக்கு அடுத்த பதவி.

இந்த துன் முத்தாஹிருக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கதை மலாக்காவில் இல்லை.

அன்றைய மலாக்காவில் ராஜா முதலியார், நைனா சூரா தேவானா என்ற இரண்டு பெரிய வணிகர்களுக்குள் வழக்கு. இருவரும் நம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கித்துல் என்பவன், கடன்பட்டவன், ராஜா முதலியாரிடம் போய் ஒரு கதை கட்டினான். "நைனா சூரா பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்துவிட்டான், உன் உயிருக்கு ஆபத்து" என்றான். முதலியார் விசாரிக்கவில்லை. பயந்துபோய் லக்சமானா கோஜா ஹசானிடம் செல்வத்தோடு போய், பெண்டஹாரா அரியணைக்கே ஆசைப்படுகிறார் என்றார். லக்சமானா விசாரிக்கவில்லை, சுல்தானிடம் சொன்னார். சுல்தான் மகமூதுக்கு ஏற்கெனவே பெண்டஹாரா மீது மனத்தாங்கல். அவரும் விசாரிக்கவில்லை. 1510இல் பெண்டஹாராவையும் அவர் குடும்பத்து ஆண்களையும் கொல்ல ஆணை போனது. பிறகுதான் எல்லாம் பொய் என்று தெரிந்தது. கோள் சொன்னவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் போன உயிர் வரவில்லை. மறு ஆண்டு, 1511இல், போர்த்துகீசியர் வந்தபோது மலாக்காவில் அந்தப் பெண்டஹாரா இல்லை.

மூன்று பேர் கை மாறிய ஒரு சந்தேகம். மூன்று பேரில் ஒருவராவது நேரில் போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அதிகமான சந்தேகங்களிலிருந்து விலகுங்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுக் கொடுப்பதை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்பது எளிது.

எளிதில்லை என்பதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று இனி சொல்கிறேன். இதுவரை மற்றவர்கள் நம்மைப் பார்த்த கதை. இனி நான் மற்றவரைப் பார்த்த கதை.

மூன்று வருடம் முன்னால், ஒரு மாலை நேரம், ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இந்தியப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்து வரைக்கும் பச்சை குத்தியிருந்தார். காதில் கடுக்கன். உள்ளே வந்ததும் என் கண் அவர் கையைத்தான் பார்த்தது, எதையாவது எடுத்துவிடுவாரோ என்று. 2.5 எம்எம் வயர் இரண்டு சுருள், ஓர் ஆர்சிசிபி, சில பெட்டிகள் கேட்டார். நானூறு வெள்ளிக்கு மேல் வந்தது. "அண்ணே, பாதி இப்ப தர்றேன், மீதி வெள்ளிக்கிழமை தர்றேன்" என்றார்.

நான் சொன்னேன்: "நம்ம கடையில கடனே கிடையாது தம்பி."

அப்போது என் கைக்குக் கீழே மேசையில் கடன் நோட்டு திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பெயர்கள். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அன்றிரவு நிம்மதியாகத்தான் தூங்கினேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த ரமலானில் ஒரு நாள், நோன்பு திறந்து தராவீஹுக்கு முன்னால், இந்த மண்டபத்தில் மின்சாரம் போய்விட்டது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் போய்ப் பார்த்தேன். எந்த இணைப்பில் கோளாறு என்று பிடிபடவில்லை. டிப்ளோமா இருக்கிறது, ஆனால் பத்து வருடம் பில் எழுதிய கை. ஒருவர் தெரிந்த வயர்மேனுக்குப் போன் போட்டார். இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், அதே இளைஞர். எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் பெற்றவர். ஒவ்வொரு இணைப்பாக மீட்டர் வைத்துச் சோதித்து, கூரைக்குள் எலி கடித்த ஒரு வயரைக் கண்டுபிடித்தார். மாற்றுவதற்கு வயர் வேண்டும். "என் கடை பக்கத்தில்தான், எடுத்து வருகிறேன்" என்றேன். "வேண்டாம்ணே, என்கிட்ட இருக்கு" என்று தன் பையிலிருந்து எடுத்தார். வேலைக்கு உரிய கூலியைக் கேட்டார், வாங்கிக்கொண்டார், போனார். கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை.

இதற்கு ஒரு நல்ல முடிவு சொல்ல எனக்கும் ஆசைதான். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்றார். ஆனால் இன்றுவரை அவர் என் கடைக்கு வரவில்லை. மாதம் இரண்டு மூன்று வீட்டுக்கு வயரிங் செய்கிறார், பொருள் வேறு கடையில் வாங்குகிறார். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும் எனக்கு நட்டம். மனக்கணக்கில் அதைவிடப் பெரிய நட்டம். எனக்குக் கடை காட்ட மறுத்தவரை எத்தனை நாள் திட்டியிருப்பேன்! அவர் என் முகத்தைப் பார்த்துச் செய்ததைத்தான் நான் இவர் கழுத்தைப் பார்த்துச் செய்தேன்.

பாலிடெக்னிக்கில் முதல் வாரம் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று. ஒரு வயரைப் பார்த்து அதில் மின்சாரம் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்யாதே, சோதித்துப் பார் என்பார்கள். நிறத்தை நம்பாதே, யாரோ மாற்றி இணைத்திருக்கலாம். வயருக்கு அதைச் செய்கிற நான் மனிதனுக்குச் செய்யவில்லை.

இப்போது சங்கத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி என்ன? "எந்த ஊரு?" அன்பான கேள்விதான். என் நன்னா ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி வந்தவர். பினாங்கில் இறங்கியபோது ஒரு கடைக்காரர் இதே கேள்வியைத்தான் கேட்டாராம். "ராமநாதபுரம் பக்கம்" என்றதும் படுக்க இடமும் சாப்பாடும் கிடைத்தது. அந்தக் கேள்வியில்தான் நம் குடும்பம் இங்கே கால் ஊன்றியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கேள்வி இன்று எடைபோடும் தராசாகவும் இருக்கிறது. எந்த ஊர் என்று கேட்டு, பிறகுதான் நாற்காலியைக் காட்டுகிறோம். நம் கடைகளில் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுத் தம்பிகள் நம் பாட்டனார்கள் வந்த அதே ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். விருந்து என்றால் அவர்கள் பரிமாறுகிறார்கள், எல்லாரும் எழுந்த பிறகு சாப்பிடுகிறார்கள். எழுபது வருடத்துக்கு முன்னால் என் நன்னாவும் அப்படி ஒரு தம்பிதானே!

போன வருடம் ஒரு சகோதரி நம் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தார். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எட்டு வருடம் முன்னால் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் மகள் நம் குர்ஆன் வகுப்பில் ஓதுகிறாள், நன்றாக ஓதுகிறாள் என்று உஸ்தாத் சொல்கிறார். நம் விண்ணப்பப் பாரத்தில் "பூர்வீக ஊர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐம்பது வருடமாக இருக்கிறது. அந்தச் சகோதரி அதை நிரப்பாமல் விட்டிருந்தார். துணைச் செயலாளர் அதைப் பார்த்து, "விவரம் குறைவு" என்று ஒரு சீட்டு ஒட்டி மேசை அறைக்குள் வைத்துவிட்டார். ஏழு மாதம் அது அங்கேயே கிடந்தது.

அந்தத் துணைச் செயலாளர் நான்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன். தெரிந்த குடும்பத்துப் பையன் அந்தக் கட்டத்தை விட்டிருந்தால் நானே போன் போட்டுக் கேட்டு நிரப்பியிருப்பேன். இந்தப் பெயரைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு குரல்: "யாரோ, எதற்காக வந்தாரோ." அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்லவில்லை, சீட்டு ஒட்டினேன்.

ஏழு மாதம் கழித்து வகுப்பு வாசலில் மகளுக்காகக் காத்திருந்தபோது அவரே என்னிடம் கேட்டார். நான் பூர்வீக ஊர் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னது: "எங்க தாத்தாவைக் கங்காணி கூட்டிட்டு வந்தாராம். எந்த ஊருன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஊரு தோட்டம்தான். அந்தத் தோட்டமும் இப்ப இல்லை, வீடு கட்டிட்டாங்க. அதை எழுதலாமா, பாய்?"

என்னிடம் பதில் இல்லை. பாலிடெக்னிக்கில் என் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இது சரிதானா?" என்று கேட்டவரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த செயற்குழுவில் அந்த விண்ணப்பம் நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதற்குப் பிறகு நடந்த இரண்டு கந்தூரிக்கும் அவர் வரவில்லை. மகளைக் கொண்டுவந்து விடுகிறார், வாசலோடு போகிறார். உள்ளே வந்தால் யாராவது, "ஏன் இஸ்லாத்துக்கு வந்தே, கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கம் என்று பிறகு தெரிந்தது. ஒருமுறை கேட்டிருக்கிறார்கள்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் அவர்களின் வரலாறு நம் எல்லாருக்கும் தெரியும். பார்வையற்ற அந்த ஸஹாபி ஏதோ கேட்க வந்த நேரத்தில், நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குறைஷித் தலைவர்களோடு முக்கியமான பேச்சில் இருந்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில்தான் சூரத்து அபஸ இறங்கியது. பெரியவர்கள் பக்கம் திரும்பிய முகத்தை, தேடி வந்த எளியவர் பக்கம் அல்லாஹ் திருப்பினான். பிறகு நபியவர்கள் அவரைக் கண்ணியமாக வரவேற்பார்கள், மதீனாவை விட்டு வெளியே போகும்போது பலமுறை அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வாசலில் வந்து நின்றவரிடம் ஊரையே ஒப்படைத்தார்கள். நாம் வாசலில் நிற்பவருக்கு ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுக்கவில்லை.

ஆகவே மூன்று கோரிக்கைகளோடு முடிக்கிறேன்.

ஒன்று, அடுத்த மாதம் நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் "பூர்வீக ஊர்" என்ற கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவருகிறேன். ஊர்ப் பாசம் உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஊரைப் பற்றிப் பேச நமக்கு விருந்து இருக்கிறது, திண்ணை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உறுப்பினராவதற்கு அது ஒரு நிபந்தனை போல நிற்க வேண்டாம். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசுங்கள். பேசி முடிவு செய்வோம், மேசை அறைக்குள் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டு, பொன்விழா விருந்தில் சஹன் வைத்துச் சாப்பிடப் போகிறோம். முதலாளிகளும், கடைகளில் வேலை பார்க்கும் தம்பிகளும், புதிதாக வந்த குடும்பங்களும் ஒரே சஹனில் உட்காரட்டும். பரிமாறும் பொறுப்பை இந்த முறை செயற்குழு எடுத்துக்கொள்ளட்டும். முதல் வாளியை நான் தூக்குகிறேன்.

மூன்று, தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலோடு திரும்பிப் போகும் அந்தச் சகோதரியை நான் கூப்பிட்டால் முறையாக இருக்காது. நீங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். நம் நன்னிமார்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது அவர்கள் காதுக்குத் தேவைப்பட்ட கேள்வியும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களையும் பார்த்ததும் கணக்குப் போடுவார்கள். "மாமாக்" என்பார்கள், வேறு எதுவும் சொல்வார்கள். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். நம் கம்போங் கிளிங் பள்ளிவாசலின் கதையையும் முன்ஷி அப்துல்லாவின் கதையையும் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைவிட முக்கியமாக, உங்கள் முன்னால் வந்து நிற்கிறவரைப் பார்த்ததும் மனதில் எழும் முதல் குரலைக் கொஞ்சம் காக்க வையுங்கள். பெயரைக் கேளுங்கள், உட்காரச் சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு கணக்குப் போட்டால் பெரும்பாலும் கணக்கு வேறாக வரும்.

அந்த வயர்மேன் தம்பிக்கு நம் மண்டபத்தின் முழு வயரிங்கையும் மாற்றும் வேலையைக் கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. விலைப்புள்ளி கொடுத்துவிட்டார். வயரை எந்தக் கடையில் வாங்குவது என்பது அவர் விருப்பம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கடை திறந்திருக்கிறது. நோட்டில் ஒரு பக்கமும் காலியாக வைத்திருக்கிறேன்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் இந்தச் சங்கத்தின் வாசல் திறந்திருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். என் பேச்சில் யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.